ஒரு மணி நேரம் மட்டும் கேட்கிறோம்

சித்திரை மாதத்து இரவொன்றில் திருவேட்டக்குடிக் கடற்கரையில் நாங்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தோம். படகுகள் மணலில் ஏறிக் கிடந்தன. வலை பழுது பார்த்து முடித்தவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். எங்களில் ஒருவரிடம் பழைய டிரான்சிஸ்டர் இருந்தது. கைப்பேசியில் வேண்டிய பாட்டெல்லாம் இருக்கையில் இதை ஏன் சுமந்து வருகிறாய் என்று அவரைக் கேலி செய்துகொண்டிருந்தோம். அவர் பதில் சொல்லாமல் முள்ளை மெல்ல நகர்த்தினார். இரைச்சலுக்கு நடுவே சிங்களத்தில் ஒரு விளம்பரம் வந்தது. பின் இலங்கைத் தமிழில் இரண்டு வரி அறிவிப்பு. அதற்கப்பால், எந்த நிலையம் என்று தெரியாத ஓர் இடத்தில், எலெக்ட்ரிக் கிதாரின் நீண்ட தனி வாசிப்பு. அலையோசை குறுக்கிடாதா என்று நினைத்தோம். மாறாக இரண்டும் ஒத்துப்போயின. மூன்று நிமிடம் போயிருக்கும். நிலையம் கரைந்து மறைந்தது. மறுபடி முள்ளை எவ்வளவு திருப்பியும் அது அகப்படவில்லை.

இதில் மாயம் ஒன்றுமில்லை. பண்பலை ஒலிபரப்பு பொதுவாக நேர்கோட்டில் செல்வது. அறுபது எழுபது கிலோமீட்டருக்கப்பால் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். கோடைக்காலத்தில் நிலத்திலிருந்து வீசும் வெப்பக்காற்று கடல்மேல் உள்ள ஈரக்குளிர் காற்றின்மீது போர்வைபோலப் படியும்போது, அவ்விரண்டுக்கும் இடையே ஒரு குழாய் உண்டானதுபோல் ஆகி, அலைகள் அதற்குள் வளைந்து வளைந்து வெகுதூரம் வரும். இங்கிருந்து பருத்தித்துறை ஏறத்தாழ 130 கிலோமீட்டர். காற்றின் கருணை இருக்கும் இரவுகளில் யாழ்ப்பாணம் எங்களுக்குத் தஞ்சாவூரைவிட நெருக்கம்.

அன்று எங்களோடு இங்குள்ள பொறியியல் கல்வி நிறுவனத்தில் படிக்கும், வடகிழக்கிலிருந்து வந்த மாணவர் ஒருவரும் இருந்தார். கிதார் மறைந்ததும் அவர்தான் முதலில் அலுத்துக்கொண்டார். நல்ல ராக் இசை ஒலிபரப்பும் வானொலி நிலையம் ஒன்றுகூட ஏன் இந்த வட்டாரத்தில் இல்லை என்று கேட்டார். அவர் கேள்வியை நாங்கள் தமிழில் சொன்னபோது, சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், தலைமுறை தலைமுறையாக நாகசுரத்தைக் கேட்டு வளர்ந்த குடும்பத்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, ஒங்க கித்தாருக்கு ரேடியோ இல்லேங்கிறீங்க. எங்க நாயனத்துக்கு மட்டும் எங்க இருக்கு? விடியக்காலம் கொஞ்ச நேரம் மங்கள இசைன்னு போடுவான். அதுக்கப்புறம் யார் வீட்லயாச்சும் கல்யாணம் வந்தாத்தான் உண்டு."

அந்தப் பதிலிலிருந்துதான் இக்கட்டுரை பிறந்தது. ராக் ரசிகரின் குறையும் நாயன ரசிகரின் குறையும் ஒரே குறை என்பதே எங்கள் துணிபு. வழக்கமாக இவ்விரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் எதிரிகளாகவே பாவித்து வந்திருக்கிறார்கள். ஒருவருக்கு மற்றவர் இசை கூச்சல். மற்றவருக்கு இவர் இசை பழங்கஞ்சி. ஆனால் இருவரையும் வானொலியிலிருந்து வெளியேற்றியது ஒரே கணக்கு. அந்தக் கணக்கைப் பார்க்குமுன், கொஞ்சம் பழைய கதையையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1952இல் மத்திய செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சாஸ்திரிய இசையில் ஆழ்ந்த பற்றுடையவர். மக்களின் ரசனையை உயர்த்துவது அரசு வானொலியின் கடமை என்று நம்பினார். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. விளைவு என்ன? மக்கள் ரசனையை மாற்றிக்கொள்ளவில்லை, முள்ளை மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் தென்கிழக்காசியப் படைத்தலைமை விட்டுச்சென்ற ஆற்றல் மிக்க ஒலிபரப்பிகள் இலங்கை வானொலியிடம் இருந்தன. அங்கே வர்த்தக சேவையும் நடந்துகொண்டிருந்தது. கேஸ்கர் கதவை மூடிய அதே 1952இன் டிசம்பரில் அமீன் சயானியின் இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி கொழும்பிலிருந்து ஒலிக்கத் தொடங்கி இந்தியா முழுவதையும் கட்டிப்போட்டது. தமிழில் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது, இராஜேஸ்வரி சண்முகம் முதலிய அறிவிப்பாளர்கள் இக்கரையில் ஒவ்வொரு தேநீர்க்கடைக்கும் உறவினர் ஆனார்கள். 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதியைத் தொடங்கி தில்லி தன் பிடிவாதத்தைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

இந்தக் கதையிலிருந்து பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளும் பாடம், 'மக்கள் கேட்பதைக் கொடு' என்பது. பாதிப் பாடம்தான் அது. மறுபாதியை இலங்கை வானொலியே காட்டிற்று. அது கேட்டதை மட்டும் கொடுத்துக்கொண்டிருக்கவில்லை. அறுபதுகளின் இறுதியிலும் எழுபதுகளிலும் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோர் கிதாரும் பைலாத் தாளமுமாகத் தமிழில் பாடத் தொடங்கியபோது, அதற்குத் தமிழில் முன்மாதிரி என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. எந்தப் படத்திலும் இடம்பெறாத, எந்த நட்சத்திரமும் வாயசைக்காத பாடல்கள் அவை. இலங்கை வானொலி அவற்றைப் பொப்பிசை என்று பெயரிட்டு ஒலிபரப்பிற்று. 'சுராங்கனி' கடல் தாண்டி வந்து எங்கள் ஊர்க் கல்யாண ஊர்வலங்களில் புகுந்தது. பிறகு தமிழ்த் திரையுலகம் அதைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டது. வானொலி ஓர் இசைக்கு இடம் கொடுத்தால் அந்த இசை உண்டாகும் என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. சினிமாவுக்கு வெளியே ஒரு தமிழ் வெகுசன இசை ஒருமுறை எழுந்தது. அது எழுந்த இடம் ஒரு வானொலி நிலையம்.

இனி இந்தியப் பண்பலைக்கு வருவோம். நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு சென்னையில்தான் தொடங்கியது, 1977 ஜூலை 23 அன்று. தனியாருக்கு நிலையங்கள் வழங்கும் ஏலம் 1999இல் நடந்தது. 2001இல் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை ஒலித்தது. 2005இல் இரண்டாம் கட்டம். உரிமக் கட்டணம் வருவாயில் ஒரு பங்கு என்று மாறியபின் நிலையங்கள் பெருகின. பல நிலையங்கள் வந்தால் பலவகை இசையும் வரும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். வந்தது ஒரே பாட்டு, பல எண்களில். 2006இல் பெங்களூரில் மேற்கத்திய இசைக்கென்றே தொடங்கிய ரேடியோ இண்டிகோ போன்ற விதிவிலக்குகளை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம்.

இதற்கு நிலைய அதிகாரிகளின் ரசனைக் குறைவைக் காரணமாகச் சொல்வது எளிது, அது நியாயமுமல்ல. பீட்டர் ஸ்டைனர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 1952இலேயே வானொலிப் போட்டியைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்தப் புதிரை அவிழ்த்துவிட்டார். அவர் தர்க்கத்தை எங்கள் ஊருக்கு ஏற்ப இப்படிச் சொல்லிப் பார்க்கலாம். நூறு நேயர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எண்பது பேர் புதிய திரைப்பாட்டு விரும்புபவர்கள். பன்னிரண்டு பேர் நாயனம், தேவாரம், கர்நாடக இசை. எட்டுப் பேர் ராக், ஜாஸ், ப்ளூஸ். ஐந்து நிலையங்கள், ஐந்து முதலாளிகள். ஐவரும் திரைப்பாட்டே போட்டால் ஆளுக்குப் பதினாறு நேயர்கள். நாயனத்துக்கு மாறுபவருக்குப் பன்னிரண்டுதான் கிடைக்கும். ராக் இசைக்கு மாறுபவருக்கு எட்டு. எனவே எவரும் மாறமாட்டார். இருபது பேருக்கு எதுவுமில்லை. எண்பது பேருக்கு ஒன்றே ஐந்தாக. இத்தனைக்கும் இதில் எவரும் தவறு செய்யவில்லை.

இப்போது ஐந்து அலைவரிசைகளும் ஒருவர் கையில் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். அவர் தம் இரண்டாம் அலைவரிசையிலும் திரைப்பாட்டைப் போட்டால் தம் நேயரையே தாம் திருடிக்கொள்வார். எனவே ஒன்றில் திரைப்பாட்டு, ஒன்றில் நாயனம், ஒன்றில் ராக். நூறு பேரும் அவரிடம். போட்டி பன்மையைத் தரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, வானொலியில் கணக்கு தலைகீழாக நடக்கிறது. 2011 வரை ஒரு நகரத்தில் ஒரு நிறுவனத்துக்கு ஓர் அலைவரிசைதான் என்பது விதி. அது தளர்ந்தபிறகு பெருநகரங்கள் சிலவற்றில் இரண்டாம் அலைவரிசைகள் வந்தன. அவையும் பெரும்பாலும் பழைய திரைப்பாட்டு, காதல் திரைப்பாட்டு என்ற அளவிலேயே நின்றன. ஏலத்தில் கொட்டிய பணத்தை மீட்க வேண்டியவர் எட்டுப் பேரைத் தேடி வரமாட்டார். 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை மேலும் 234 நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம்விட ஒப்புதல் தந்தது. எண்ணிக்கை பெருகுவதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. ஆனால் சிறு நகரத்துக்கு மூன்று நான்கு நிலையங்கள் என்ற அளவில், மேற்சொன்ன கணக்கு மாறப்போவதில்லை.

பணம் கொடுத்துக் கேட்கிறோம், விளம்பரம் வேண்டாம் என்று நேயர்கள் முன்வந்த காலமும் ஒன்று உண்டு. 2000இல் ஏவப்பட்ட ஆசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியாக வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம் இந்தியாவில் ஒலிபரப்பியது. சின்னஞ்சிறு தட்டு ஒன்றைச் சன்னலோரம் வைத்தால் போதும். கர்நாடக இசைக்குச் சுருதி, இந்துஸ்தானிக்குக் கந்தர்வ், ஜாஸுக்கு ரிஃப், தமிழுக்குக் கே.எல். ரேடியோ, இவற்றோடு ராக் இசைக்கும் தனி அலைவரிசை. ஒரே பெட்டியில் செம்பை வைத்தியநாத பாகவதரும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் குடியிருந்தார்கள். எங்களில் இருவர் வீட்டில் அது இருந்தது. ஒரே கையால் பல அலைவரிசைகளை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே கண்கண்ட சான்று. அந்நிறுவனம் 2008 அக்டோபரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக் கோரியது. அதன் சந்தாதாரர்களில் மிகப் பெரும்பான்மையினர் இந்தியர்கள். 2009 டிசம்பர் 31 அன்று இந்திய ஒலிபரப்பு நின்றது. அந்தப் பெட்டி இன்றும் எங்கள் நண்பர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை என்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கைப்பேசியில் உலகத்து இசையெல்லாம் கிடக்கும்போது வானொலிக்காக ஏன் இந்த ஒப்பாரி? நியாயமான கேள்வி. 2019இல் ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தபின் இசை கிடைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. கிடைப்பது வேறு, வந்து சேர்வது வேறு. தேடுவதற்கு முதலில் பெயர் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்ததையொட்டித் தெரிந்தது போன்ற இன்னொன்றை அந்த எந்திரம் நீட்டுகிறது. நாயனம் கேட்பவருக்கு மேலும் நாயனம், ராக் கேட்பவருக்கு மேலும் ராக். ஒருவர் அறைக்குள் இன்னொருவர் இசை தவறியும் நுழைவதில்லை. எங்கள் பெரியவர் அன்றிரவு அந்தக் கிதாரை மூன்று நிமிடம் முழுதாகக் கேட்டார். "கமகம் மாதிரி இழுக்கிறானே" என்றார். கைப்பேசி எதுவும் அதை அவருக்கு எடுத்துத் தந்திருக்காது. அவரும் கேட்டிருக்கமாட்டார். பொது இடத்தில், பொது நேரத்தில், எவரும் தேர்ந்தெடுக்காமல் வந்ததால் கேட்டார்.

இன்னொன்றும் உண்டு. நல்ல அறிவிப்பாளர் என்பவர் பட்டியல் படிப்பவரல்லர். இந்தப் பாட்டை நான் உனக்காக எடுத்து வந்தேன், இதில் இந்த இடத்தைக் கவனி என்று சொல்லும் மனிதர். இங்கிலாந்தின் ஜான் பீல் 1967இல் பி.பி.சி.யில் சேர்ந்து 2004இல் இறக்கும்வரை, எவரும் கேள்விப்படாத குழுக்களை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வாசிக்கவைத்து ஒலிபரப்பினார். அவரும் கடலிலிருந்து வந்தவர்தாம். நாட்டுக்குள் ராக் இசைக்கு இடமில்லாதபோது, 1964 முதல் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் கப்பல்களில் இருந்தபடி உரிமமின்றி ஒலிபரப்பிய நிலையங்களுள் ஒன்றில் பணியாற்றியவர். 1967இல் அக்கப்பல்களுக்கு எதிராகச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் போட்ட கையோடு, செப்டம்பர் 30 அன்று, பி.பி.சி. அவர்களில் பலரைக்கொண்டே புதிய அலைவரிசை ஒன்றைத் தொடங்கிற்று. கேஸ்கர் காலத்து தில்லி ஐந்தாண்டு கழித்துக் கற்றதை அவர்கள் ஆறு வாரத்தில் கற்றார்கள்.

ராக் இசை அந்நியச் சரக்கு, நகரத்து வசதிக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு, அதற்குப் பொதுப்பணம் எதற்கு என்பாரும் உண்டு. காரைக்காலில் நின்றுகொண்டு அப்படிச் சொல்வது கடினம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த ஊர் இது. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியம் பெற்றவர்களை இன்றும் சொல்தா என்கிறோம். அவர்கள் குடும்பப் பெட்டிகளில் வாசனைச் சோப்புக்கும் சட்டைத்துணிக்கும் அடியில் இசைத்தட்டுகளும் ஒலிநாடாக்களும் வந்திறங்கின. ராக் இசை இந்தத் தெருக்களுக்கு வந்தது சென்னை வழியாக அன்று, பாரிஸ் வழியாக. ஏ.ஆர். ரகுமான் சினிமாவுக்கு வருமுன் சென்னையில் நெமிசிஸ் அவென்யூ என்ற ராக் குழுவை நடத்தியவர். 2018 ஜனவரியில் சென்னையில் அரங்கேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு கானாவையும் பறையையும் ராக் கிதாரையும் ஒன்றாக நிறுத்திச் சாதியைக் கேள்வி கேட்டது. அதை வசதிக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். பேரோசை என்பதுதான் குற்றச்சாட்டு என்றால், எங்கள் ஊர் அம்மையாரை நினைவூட்ட வேண்டும். காரைக்காலம்மையார் தம் மூத்த திருப்பதிகத்தில் சுடுகாட்டுக் கூத்துக்கு முழங்கும் தாளக்கருவிகளின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறார். பேயும் நெருப்பும் பேரோசையும் கலந்த அந்த இசையரங்கைப் பாடியவர் மண்ணில், எலெக்ட்ரிக் கிதாருக்குச் செவியைப் பொத்திக்கொள்வது எங்களுக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

சரி, என்ன செய்யலாம்? பாரிஸ் பெட்டிகளைப் பற்றிச் சொன்னோம்; பாரிஸின் வானொலிச் சட்டத்தையும் பார்க்கலாம். பிரான்சில் 1981இல்தான் அரசு சாரா வானொலிகள் சட்டபூர்வமாயின. வந்த வேகத்தில் அங்கும் வணிக நிலையங்கள் ஒரே ஓசையில் கரைந்தன. அவர்கள் இரண்டு காரியம் செய்தார்கள். முதலாவது, வானொலி, தொலைக்காட்சி விளம்பர வருவாய்மீது ஒரு சிறுவரி விதித்து, அந்த நிதியிலிருந்து வணிக நோக்கமற்ற சிறு வானொலிகளுக்கு உதவினார்கள். இரண்டாவது, 1994இல் இயற்றி 1996 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, ஒலிபரப்பும் வெகுசனப் பாடல்களில் 40 சதவீதம் பிரெஞ்சு மொழியில் இருக்க வேண்டும். அதில் பாதி புதிய கலைஞர்களுடையதாகவோ புதிய படைப்பாகவோ இருக்க வேண்டும். வேறு வழியின்றி நிலையங்கள் புறநகர்ப் பிள்ளைகளின் ராப் பாடல்களைத் தேடிப் போயின. பிரெஞ்சு ராப் இசையின் வளர்ச்சிக்கு அது பெரும் உந்துதலாயிற்று. குறை இல்லாமலில்லை. நான்கைந்து பாடல்களையே திரும்பத் திரும்பப் போட்டுக் கணக்குக் காட்டினார்கள். 2016இல் சட்டத்தைத் திருத்தி அந்தத் தந்திரத்துக்கும் வரம்பு கட்டினார்கள்.

தில்லியில் அப்படியொரு சட்டம் நாளையே வரும் என்று எதிர்பார்க்கும் அளவுக்கு நாங்கள் வெகுளிகளல்லர். எங்கள் கோரிக்கை சிறியது, அண்டையில் இருப்பது. காரைக்கால் பண்பலை, 100.3, எங்கள் வட்டாரத்தின் சொந்த வானொலி. நாகப்பட்டினம், மயிலாடுதுறை, திருவாரூர் வயல்களிலும் கடைகளிலும் அது ஒலிக்கிறது. ஸ்டைனரின் கணக்குக்குக் கட்டுப்படாதது அது ஒன்றுதான். ஏலத்தொகையை மீட்க வேண்டிய அவசியம் அதற்கில்லை. எண்பது பேரின் பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. கேஸ்கரின் பிழையை இன்னொரு திசையில் செய்ய நாங்கள் விரும்பவில்லை. இரவு பத்து மணிக்குமேல் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்கிறோம். அரை மணி நாயனம்: ராஜரத்தினம் பிள்ளையின் தோடி மட்டுமல்ல, இன்று இந்தக் கரையோரக் கோயில்களில் வாசிக்கும் இளையவர்களும். அரை மணி ராக்: வெளிநாட்டுத் தட்டுகள் மட்டுமல்ல, எந்தப் படத்திலும் இடம்பெறாத தமிழ்க் குழுக்களும். இரண்டையும் ஒரே அறிவிப்பாளர், ஒரே மூச்சில், ஒன்றன்பின் ஒன்றாகத் தரட்டும். ஒருவர் இசைக்காகக் காத்திருப்பவர் மற்றவர் இசையைக் கேட்க நேரட்டும். அதுதான் முக்கியம்.

இன்னொரு வழி சமுதாய வானொலி. 2002இன் இறுதியில் கல்வி நிறுவனங்களுக்கும் 2006இல் தொண்டமைப்புகளுக்கும் அரசு அதற்கு அனுமதி தந்தது. 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் அதில் நாட்டுக்கே முன்னோடியாயிற்று. பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை மீனவர்களுக்காக மீனவர்களே நடத்தும் வானொலி. காற்று, அலை, மீன்விலை எல்லாம் அதில் உண்டு, பாட்டும் உண்டு. நூறு வாட் ஆற்றல், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் எட்டும். நிகழ்ச்சிகளில் பாதியாவது உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவானதாக இருக்க வேண்டும் என்பது விதி. திருவேட்டக்குடியில் ஒரு கம்பம் நட்டால் தெற்கே காரைக்கால் நகரும் வடக்கே தரங்கம்பாடியும் கேட்கும். 2010இல் நிறுவப்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வளாகம் இங்கேயே இருக்கிறது. ஒலிபரப்பி கட்டத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். பாதிப் பேர் வெளிமாநிலத்தவர்; அவர்கள் ஊர் இசை அவர்களோடு வந்திருக்கிறது. ஷில்லாங்கில் லூ மஜாவ் என்ற இசைக்கலைஞர் 1972 முதல் ஆண்டுதோறும் மே 24 அன்று பாப் டிலனின் பிறந்தநாளைப் பாடிக் கொண்டாடி வருவதை அந்த மாணவர் சொல்லித்தான் எங்களில் பலர் அறிந்தோம். வளாகத்து மதிலுக்கு இப்பால் வலைகட்டும் கைகள் இருக்கின்றன. அவர்களுக்கு ஒரு பாட்டு உண்டு, அதை எவரும் பதிவு செய்யவில்லை. மதிலுக்கு அப்பாலும் இப்பாலும் உள்ளவர்கள் பேசிக்கொள்ள ஒலிவாங்கி ஒன்றைவிட மலிவான பாலம் எங்களுக்குத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 26ஐக் கண்ட கரை இது. இவ்வூரின் குரலில் எச்சரிக்கை சொல்ல ஒரு வானொலி இருப்பது வீண்செலவாகாது. நல்ல பாட்டுக்காகத் திறந்து வைத்திருக்கும் பெட்டியில்தான் எச்சரிக்கையும் காதில் விழும்.

அப்படியொரு நிலையம் வந்தால் நாங்களே அதைக் குறை சொல்லவும் கூடும். அறிவிப்பாளர் உளறுகிறார், தேர்வு சரியில்லை, நாயனத்துக்கு ஐந்து நிமிடம் குறைந்துவிட்டது என்று சண்டை பிடிப்போம். ரசிகர்கள் அப்படித்தான். இல்லாத வானொலியைப் பற்றிப் புலம்புவதைவிட இருக்கும் வானொலியோடு சண்டை பிடிப்பது மேலான பொழுது.

அன்றிரவு எழுந்து போகும்போது பெரியவர் அந்த மாணவரிடம், "அந்தக் கித்தார்க்காரன் பேர் என்ன தம்பி?" என்று கேட்டார். எவருக்கும் தெரியவில்லை. அறிவிப்பாளர் சொல்லுமுன் நிலையம் மறைந்துவிட்டது. மறுநாளும் அதே நேரத்துக்கு டிரான்சிஸ்டரோடு போய் உட்கார்ந்தோம். காற்று மாறியிருந்தது.